வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு ரைஃபிள்: எம்1 கார்பைன் பற்றிச் சில குறிப்புகள்

சில வருஷம் முன்னாடி ஆன்சைட் வேலையாக அமெரிக்காவில் இருந்தபோது, கூட வேலை பார்த்த ஒருத்தர் அவருடைய தாத்தா விட்டுப்போன ஒரு பழைய துப்பாக்கியைக் காட்டினார். சின்னது, மரக்கட்டை போட்டது, பார்த்தால் பொம்மை மாதிரி இருந்தது. திருப்பிக் காட்டி, பின்பக்கம் எஃகில் பொறித்திருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார். ஐ.பி.எம். கார்ப். என்று இருந்தது. முதலில் ஜோக் என்றுதான் நினைத்தேன்.

ஜோக் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஐ.பி.எம் கம்பெனி நியூயார்க் மாநிலத்தின் பொக்கிப்ஸி ஊரில் சுமார் 3.46 லட்சம் எம்1 கார்பைன் துப்பாக்கிகள் செய்திருக்கிறது. அதே ஊரில்தான் பத்து வருஷத்துக்குள் ஐ.பி.எம் 701 கம்ப்யூட்டரும் உருவானது. மெயின்ஃபிரேமில் வேலையை ஆரம்பித்தவன் நான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

அமெரிக்காவில் துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வேணும், எனக்குத் துடைத்துப் பராமரிக்க நேரமில்லை, எதை வாங்கலாம்? நம்ம ஊரில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. இந்தியச் சட்டப்படி ஒரு சாதாரண ஆள் கையில் அந்த மாதிரி ரைஃபிள் எளிதில் வராது. ஆனால் அங்கே அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் கொஞ்சம் உலோகமும் ரசாயனமும், நிறைய பயமும் கலந்திருக்கிறது.

முதலில் பொருளைப் பற்றி. செமி ஆட்டோமேட்டிக் என்றால், விசையை ஒரு தடவை அழுத்தினால் ஒரு குண்டு. அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். விசையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் மழையாகப் பொழியாது. அது முழு ஆட்டோமேட்டிக். நம்ம போலீஸ்காரர்கள் ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டு திரிகிற எஸ்.எல்.ஆர் இந்த செமி ஆட்டோ வகைதான்.

1936இல் அமெரிக்க ராணுவம் எம்1 கராண்ட் ரைஃபிளை ஏற்றுக்கொண்டது. கனடாவில் பிறந்த ஜான் கராண்ட் வடிவமைத்தது. அருமையான துப்பாக்கி, ஆனால் எடை நாலே கால் கிலோவுக்கு மேல். லாரி ஓட்டுறவன், சமையல்காரன், மார்ட்டர் குழுவில் இருப்பவன், ஒயர் இழுக்கிறவன், இவர்களெல்லாம் வேலை செய்துகொண்டே அதைச் சுமக்க முடியாது. கைத்துப்பாக்கி கொடுத்தால் சுட்டு ஒன்றும் படாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேணும் என்று பிறந்ததுதான் கார்பைன். 1941 அக்டோபரில் தேர்வானது. எடை இரண்டரை கிலோவுக்குள், மேகசினில் 15 தோட்டா. 7 கிராம் குண்டு வினாடிக்கு சுமார் 600 மீட்டர் வேகத்தில் போகும். கராண்டின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். உதை ரொம்பக் குறைவு. மொத்தம் அறுபது லட்சத்துக்கு மேல் செய்தார்கள்.

செய்தது யார் என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஜெனரல் மோட்டார்ஸின் இன்லேண்ட் பிரிவு, டைப்ரைட்டர் செய்கிற அண்டர்வுட், காசு போட்டால் பாட்டுப் பாடுகிற ஜூக்பாக்ஸ் செய்கிற ராக்கோலா, தபால் மீட்டர் கம்பெனி, ஐ.பி.எம். துப்பாக்கிக் கம்பெனி என்று சொல்லத்தக்கது வின்செஸ்டர் மட்டும்தான். இத்தனை பேர் செய்தும், ஒருவருடைய போல்ட் இன்னொருவருடைய உடலில் பொருந்த வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கென்றே கம்பெனிகளுக்கு நடுவில் ஒரு ஒருங்கிணைப்புக் குழு இருந்தது. ஏபிஐ ஒப்பந்தம் மாதிரி. எங்கள் ப்ராஜெக்டில் மூன்று டீம் சேர்ந்து ஒரு தேதி ஃபார்மேட்டை ஒத்துக்கொள்ள ஆறு வாரம் ஆனது.

இதன் உயிர்நாடியான பகுதிக்கு ஒரு கதை உண்டு. வட கரோலினாக்காரர் டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ். கள்ளச்சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தவர். 1921இல் சோதனைக்கு வந்த துணை ஷெரிஃப் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் 30 வருஷத் தண்டனை. சிறைப் பட்டறையில் உட்கார்ந்தே துப்பாக்கி இயக்கங்களை யோசித்துச் செய்து பார்த்தவர். 1929இல் விடுதலையாகி, பின்னால் வின்செஸ்டரில் சேர்ந்தார். குழலில் ஒரு சின்ன ஓட்டை வழியாக வரும் வாயு ஒரு குட்டி பிஸ்டனைத் தட்டும். அது நகருவது நாலு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த ஒரு தட்டில் கிடைக்கிற வேகத்திலேயே மற்ற பாகங்கள் பின்னால் ஓடித் திரும்பும். கார்பைனில் அவருடைய பங்கு இதுதான். 1952இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்து ஒரு படமே வந்துவிட்டதால், ஒற்றை ஆளாக அவரே கார்பைனைக் கண்டுபிடித்தார் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது வின்செஸ்டரின் ஒரு குழு செய்த வேலை. சினிமாவுக்குக் குழு பிடிக்காது.

இப்போ பராமரிப்பு. என்னை இழுத்தது இந்த இடம்தான்.

தோட்டாவின் பின்பக்கம் பிரைமர் என்று ஒரு சின்னத் திப்பி இருக்கும். ஊசி அதைக் குத்தினால்தான் மருந்து தீப்பிடிக்கும். அந்தக் காலத்து ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் கலந்திருந்தது. எரிந்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் ஒட்டிக்கொள்ளும். சுருக்கமாகச் சொன்னால் உப்பு. காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும்; எஃகு துருப்பிடிக்கும். இதில் பலர் ஏமாறுகிற விஷயம் என்னவென்றால், எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு போகாது. உப்பு எண்ணெயில் கரையாதே! தண்ணீர்தான் வேணும். பழைய சிப்பாய்கள் சுட்ட துப்பாக்கிக்குள் கொதிக்கிற வெந்நீரை ஊற்றியது இதற்காகத்தான். கராண்ட் வைத்திருந்தவர்களும் போர்க்காலத் தோட்டாக்களைச் சுட்டால் அன்றைக்கே கழுவித் துடைத்தாக வேண்டும்.

கார்பைனிலோ அந்தக் குட்டி பிஸ்டனை ஒரு நட் போட்டு, அது கழலாதபடி உளியால் தட்டி நெளித்து மூடிவிட்டார்கள். சிப்பாய் களத்தில் அதைத் திறக்கக் கூடாது, திறக்கவும் முடியாது. அப்போ உள்ளே உப்பு சேர்ந்தால்? சேராமல் பார்த்துக்கொண்டார்கள். கார்பைன் தோட்டாவுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே உப்பு விடாத பிரைமர்தான். மற்ற ராணுவத் தோட்டாக்கள் எல்லாம் அந்த நிலைக்கு வந்துசேர 1950கள் ஆகிவிட்டன. எனக்கு இது ரொம்பப் பிடித்த டிசைன் முடிவு. திறக்க முடியாத பாகத்துக்கு இன்னும் நல்ல தூரிகை கண்டுபிடிக்காமல், அதற்குள் அழுக்கு போகாதபடி வெளியிலேயே ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

அதனால் போருக்குப் பிறகு வீட்டில் இருக்கிற ஒருவருக்கு இது கச்சிதமாக அமைந்தது. இலகு, உதை இல்லை, மனைவியோ வயசான அப்பாவோ தூக்கலாம், சுட்டுவிட்டு மறந்துபோனாலும் உடனே கெட்டுப்போகாது. 1963இல் அரசாங்கத்தின் குடிமக்கள் துப்பாக்கிப் பயிற்சித் துறை வழியாக, தேசிய ரைஃபிள் சங்க உறுப்பினர்களுக்கு இது 20 டாலருக்கே விற்கப்பட்டது.

குறை இல்லாமல் இல்லை. முதலில் வந்த கார்பைனில் பாதுகாப்புப் பொத்தானும் மேகசினைக் கழற்றும் பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பதற்றத்தில் சுடத் தயாராகிறவன் தப்பானதை அழுத்துவான், மேகசின் காலடியில் விழும். பின்னால் ஒரு திருப்பு நெம்புகோல் வைத்துச் சரிசெய்தார்கள். யூசர் இன்டர்ஃபேஸ் தப்பு என்பது நம்ம தொழிலுக்கு மட்டும் சொந்தமில்லை. மேகசினின் மெல்லிய தகட்டு வாய் கொஞ்சம் நெளிந்தாலும் தோட்டா சிக்கும். 1950 கடைசியில் கொரியாவில் சோசின் ஏரிப் பக்கம் மைனஸ் முப்பது டிகிரி குளிரில் எண்ணெய் கெட்டியாகிக் கார்பைன்கள் மந்தமாயின. எதிரியின் பஞ்சு வைத்த கோட்டைக் கூட குண்டு துளைக்கவில்லை என்று சிப்பாய்கள் புலம்பினார்கள். துளைக்கும், பின்னால் சுட்டுப் பார்த்தவர்கள் அதைக் காட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் குண்டு படவே இல்லை என்பதுதான் என் ஊகம்.

எண்ணெய் கெட்டியாவது என்றதும் எனக்குப் பெரியப்பா ஞாபகம் வரும். போடி பக்கம், மலையடிவாரத்தில் அவருக்குத் தோட்டம். பன்றிக்காக லைசன்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். அதற்குத் தேங்காய் எண்ணெய்தான் போடுவார். மார்கழியில் அது உறைந்து வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும், மடக்கவே முடியாது. "துப்பாக்கிக்கும் குளிருதுடா" என்பார். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கணும். திரும்பி வரும்போது துருவோடு வரும், திட்டிக்கொண்டே தேய்ப்பார். அந்தத் துப்பாக்கி எதையும் பாதுகாத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சரி, உண்மையிலேயே வீட்டைப் பாதுகாக்க வேண்டியிருந்தவர்கள் யார்? இந்தக் கேள்வியைப் பிடித்துப் போனபோது, நான் எதிர்பார்க்காத இடத்தில் போய் நின்றேன். மிசிசிப்பி மாநிலம், ஹோம்ஸ் மாவட்டம், மைல்ஸ்டன். 1930களின் அரசுத் திட்டம் ஒன்றால் கறுப்பின விவசாயிகளுக்குச் சொந்த நிலம் கிடைத்த பகுதி. சொந்த நிலம் இருந்ததால் வெள்ளை முதலாளி துரத்திவிடுவான் என்கிற பயம் அவர்களுக்கு மற்ற இடங்களை விடக் கொஞ்சம் குறைவு. 1963 ஏப்ரல் 9ஆம் தேதி 14 பேர் வாக்காளராகப் பதிவு செய்ய லெக்ஸிங்டன் நீதிமன்றத்துக்குப் போனார்கள். யார் முதலில் என்று ஷெரிஃப் அதட்டியபோது முன்னே வந்தவர் ஹார்ட்மன் டர்ன்போ.

ஒரு மாதம் கழித்து, மே மாத ராத்திரி ஒன்றில், அவர் வீட்டுக்குள் நெருப்புக் குண்டுகள் விழுந்தன. மனைவியும் மகளும் வெளியே ஓட, அவர் தன் .22 செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். வெளியே காத்திருந்தவர்கள் சுட்டார்கள். அவர் திருப்பிச் சுட்டார். அவர்கள் ஓடிவிட்டார்கள். மூன்று பேரும் பிழைத்தார்கள், தீயையும் அணைத்தார்கள்.

அவர் கையில் இருந்தது கார்பைன் கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். .22 என்பது அணில், முயல் சுடுகிற தோட்டா. கிராமத்து வீட்டில் எப்போதும் இருக்கும், மளிகைச் சாமான் மாதிரி மலிவு. உப்பு விடாத பிரைமர் 1920களின் பிற்பகுதியிலேயே இந்தச் சின்னத் தோட்டாக்களுக்கு வந்துவிட்டது. மிசிசிப்பி டெல்டாவின் புழுக்கத்துக்கு அது பெரிய உபகாரம். அவர் பட்டியல் போட்டு, ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். தினமும் கையில் பழகியது, தோட்டா ஏற்றித் தயாராக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் ஷெரிஃப் ஆட்கள் வந்து யாரைக் கைது பண்ணினார்கள் தெரியுமா? டர்ன்போவைத்தான். தன் வீட்டுக்குத் தானே தீ வைத்தார் என்று வழக்கு. விசாரிக்க வந்த பாப் மோசஸ் உள்ளிட்ட இளம் தொண்டர்களையும் சேர்த்து உள்ளே வைத்தார்கள். வழக்கு நிற்கவில்லை. ஆனால் துப்பாக்கி காப்பாற்றிய மனுஷனை மறுநாள் காப்பாற்ற வழக்கறிஞரும், வாஷிங்டனில் நீதித்துறையும் தேவைப்பட்டார்கள்.

1964இல் மார்ட்டின் லூதர் கிங்கிடமே, இந்த அகிம்சை உங்களைக் கொன்றுவிடும் என்று டர்ன்போ முகத்துக்கு நேரே சொன்னவர். கிங்கும் ஆரம்பத்திலிருந்தே வெறுங்கையோடு இருந்தவர் அல்ல. 1956 ஜனவரி 30 அன்று மான்ட்கோமரியில் அவர் வீட்டில் குண்டு வெடித்த பிறகு, கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். அப்போது அவர் வீட்டுக்குப் போன க்ளென் ஸ்மைலி என்ற சமாதான ஊழியர், அது ஒரு ஆயுதக் கிடங்கு மாதிரி இருந்ததாக எழுதியிருக்கிறார். முழு அகிம்சைக்கு அவர் படிப்படியாகத்தான் வந்து சேர்ந்தார்.

வட கரோலினாவில், மன்ரோ என்ற ஊரில் இன்னொரு வில்லியம்ஸ் இருந்தார். ராபர்ட் எஃப். வில்லியம்ஸ், முன்னாள் ராணுவத்தார். சிறையில் பிஸ்டன் செய்த வெள்ளை வில்லியம்ஸின் அதே மாநிலம். ஊர்க் கறுப்பர்களைச் சேர்த்து, தேசிய ரைஃபிள் சங்கத்தின் கிளையாகவே முறைப்படி பதிவு செய்து பயிற்சி கொடுத்தார். 1957இல் டாக்டர் ஆல்பர்ட் பெர்ரி வீட்டைச் சுட வண்டி வண்டியாக வந்த கிளான் கும்பலை, மணல் மூட்டை அடுக்கிக் காத்திருந்த இவர்கள் விரட்டினார்கள். அதுக்கு அப்புறம் ஊராட்சி விழித்துக்கொண்டு அந்த மாதிரி வண்டி ஊர்வலத்துக்கே தடை போட்டது.

லூசியானாவின் போகலூசாவில் 1965 பிப்ரவரி 1 அன்று நடந்தது எனக்கு இவற்றையெல்லாம் விடப் பிடிக்கும், ஏனென்றால் ஒன்றுமே நடக்கவில்லை. ராபர்ட் ஹிக்ஸ் என்ற ஆலைத் தொழிலாளி வீட்டில் இரண்டு வெள்ளை இளைஞர்கள், சிவில் உரிமைத் தொண்டர்கள், தங்கியிருந்தார்கள். கும்பல் வருகிறது, அவர்களை ஊரை விட்டு அனுப்பிவிடு, என்னால் பாதுகாப்புத் தர முடியாது என்று போலீஸ் தலைவரே வந்து சொன்னார். ஹிக்ஸும் மனைவியும் போனைச் சுற்ற ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அக்கம்பக்கத்து ஆண்கள் துப்பாக்கிகளோடு வந்து வீட்டைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கும்பல் வரவில்லை. டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ் என்ற அமைப்பின் போகலூசா கிளை இதிலிருந்துதான் வளர்ந்தது. இதில் இருந்தவர்களில் பலர் உலகப் போரிலும் கொரியாவிலும் பணியாற்றியவர்கள். துப்பாக்கியைத் துடைக்கச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லாதவர்கள். அன்று வேலை செய்த கருவி எது என்று கேட்டால், போன் என்றுதான் நான் சொல்வேன்.

கார்பைனுக்குத் திரும்புகிறேன். அதன் மிகப் பிரபலமான படம் போர்க்களத்தில் எடுத்ததல்ல. 1964 செப்டம்பர் எபோனி இதழில் வந்தது: மால்கம் எக்ஸ் நியூயார்க் வீட்டில், ஒரு கையில் எம்1 கார்பைன், மறு கையால் திரைச்சீலையை விலக்கி வெளியே பார்க்கிறார். டான் ஹோகன் சார்ல்ஸ் எடுத்த படம். இன்றைக்கு டீ ஷர்ட்டில் எல்லாம் வருகிறது, வீரத்தின் அடையாளமாக. நிதானமாகப் பார்த்தால், கொலை மிரட்டலுக்கு நடுவில் பெண் குழந்தைகளோடு வாழ்கிற ஒரு அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். கோட்டு, டை வேறு.

1965 பிப்ரவரி 14 விடிவதற்கு முன், குயீன்ஸில் அந்த வீட்டின் மேல் நெருப்புக் குண்டுகள் விழுந்தன. கார்பைனால் நெருப்பைச் சுட முடியாது. குழந்தைகளை வாரிக்கொண்டு குடும்பமே பிப்ரவரிக் குளிரில் தெருவில் நின்றது. ஒரு வாரம் கழித்து, 21ஆம் தேதி, ஆடுபான் அரங்கில் பேச எழுந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

இந்த மூன்று வீடுகளையும் பக்கத்தில் வைத்து நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். டர்ன்போவை மலிவான முயல் துப்பாக்கி காப்பாற்றியது. மால்கமை அதைவிடப் பல மடங்கு நல்ல துப்பாக்கி காப்பாற்றவில்லை. ஹிக்ஸ் வீட்டில் ஒரு குண்டும் வெடிக்கவில்லை. இன்னொன்றும் உண்டு: ராத்திரி எழுந்த உடனே எடுக்கிற மாதிரி துப்பாக்கியைத் தோட்டா போட்டு வைத்தால் அது குழந்தைகளுக்கும் எட்டும். பூட்டி வைத்தால் நெருப்பு விழுகிற அந்த அரை நிமிஷத்தில் உதவாது. கார்பைனின் பிஸ்டனுக்கு வின்செஸ்டர் குழு கண்டுபிடித்த மாதிரி இதற்கு யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

இந்த மலிவு விலைக் காலம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1963 நவம்பரில் கென்னடியைக் கொன்ற ரைஃபிள் தபாலில் வாங்கியது. 1967 மே 2 அன்று பிளாக் பேந்தர் கட்சியினர் ஆயுதத்தோடு சாக்ரமென்டோவில் கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்குள் நடந்தபோது மொத்த நாடும் அதிர்ந்தது. தோட்டா ஏற்றிய துப்பாக்கியைப் பொது இடத்தில் தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்கும் சட்டத்தில் கவர்னர் ரீகன் கையெழுத்துப் போட்டார். கறுப்பர்கள் கையில் துப்பாக்கியைப் பார்த்ததும் யார் யாருக்குக் கட்டுப்பாட்டு ஞானம் வந்தது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். 1968இல் வந்த மத்தியச் சட்டம் தபால் விற்பனையையும் ராணுவ உபரி இறக்குமதியையும் நெருக்கியது.

இப்போது கார்பைன் சேகரிப்பாளர் பொருள். 20 டாலர் எல்லாம் கனவு, ஆயிரத்துக்கு மேல் போகிறது. ஜூக்பாக்ஸ் கம்பெனிப் பெயர் பொறித்தது என்றால் இன்னும் கூட.

என் சக ஊழியர் வைத்திருந்த ஐ.பி.எம் கார்பைனில் அந்த பிஸ்டன் நட்டை டார்ச் அடித்துப் பார்த்தேன். உளியால் தட்டிய தடம் அப்படியே இருந்தது. எண்பது வருஷமாக யாரும் திறக்கவில்லை போல. தாத்தா இதை எதற்கு வாங்கினார் என்று கேட்டேன். அவர்கள் குடும்பம் அப்போது எந்த மாநிலத்தில் இருந்தது என்று மட்டும் சொன்னார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.